கொசுறுக்கு வரி இல்லை

ஒரு காட்டில், எந்தக் கதையிலும் இடம் கிடைக்காத ஒரு மரநாய் இருந்தாள். சிங்கத்துக்கு அரியணை உண்டு, நரிக்குச் சூழ்ச்சி உண்டு, ஆமைக்குக்கூட ஒரு பந்தயம் உண்டு. மரநாய்க்கு ஒன்றுமில்லை, அதிலும் பெண் மரநாய் என்றால் கதை சொல்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். விடட்டும்.

அவள் பெயர் பூவாத்தாள். மாமியாரின் வாய்க்குத் தப்பி, புகுந்த பொந்தைவிட்டு வெளியேறி, ஆற்றங்கரையில் நன்னாரி சர்பத் கடை போட்டிருந்தாள். கடை ஓடினால் சுதந்திரம். கடை படுத்தால் மறுபடி மாமியார் பொந்து. அவளறிந்த பொருளாதாரம் இவ்வளவே.

அந்த வருடம் சிங்கராஜாவுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையானது. ராஜாவுக்கு வலித்தால் அது பொதுப் பிரச்சினை. உடனே சட்டம் வந்தது: விற்கப்படும் ஒவ்வொரு குவளை இனிப்புப் பானத்துக்கும் ஒரு காசு வரி. விலை ஏறும், வாங்குவது குறையும், பற்கள் பிழைக்கும் என்று அரசவைப் பொருளியல் அறிஞர் ஆந்தையார் விளக்கினார்.

விலை ஏறத்தான் செய்தது. வரி ஒரு காசு. ஏற்றம் இரண்டு காசு. மற்றொரு காசு எதற்கு என்று பூவாத்தாள் கேட்டபோது, பாகு மொத்த வியாபாரியான கரடி, "எல்லாம் வரிதான் அம்மிணி" என்று வானத்தைப் பார்த்தது. வாங்குவதும் குறைந்தது, ஆனால் ஒரே சீராக அல்ல. யானை விலை கேட்டுப் பழகியதே இல்லை. வழக்கம்போல் பானையோடு குடித்தது. குரங்குகள் ஆற்றைத் தாண்டி, வரியில்லாத பக்கத்துக் காட்டில் குடித்துவிட்டு வந்தன. குடிப்பதை உண்மையில் நிறுத்தியது ஏழை முயல் மட்டுமே. அந்தக் காட்டிலேயே பல் நன்றாக இருந்ததும் அதற்குத்தான்.

பூவாத்தாள் ஈ ஓட்டலாமென்றால், ஈக்களும் ஆற்றைத் தாண்டியிருந்தன. மாமியார் ஆள் அனுப்பினாள்: "மூலையைக் கூட்டி வெச்சிருக்கேன், வரச் சொல்லு."

இந்த நிலையில்தான் பழைய வாடிக்கைக்காரியான மந்தி வந்து, ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, கொசுறுக்காகக் குவளையை மறுபடி நீட்டினாள். வாங்கியதற்குமேல் ஒரு வாய் கொசுறு ஊற்றாத கடையை அந்தக் காட்டில் எவரும் மறுமுறை மிதிப்பதில்லை.

"கொசுறெல்லாம் இனிக் கட்டுப்படியாகாதுக்கா. வரி இருக்குது" என்றாள் பூவாத்தாள்.

"வித்ததுக்குத்தானே வரி? கொசுறை எவ வித்தா? ஊத்து அம்மிணி. நீயும் உங்க மாமியா மாதிரி ஆயிட்ட."

"அவளா? தும்முனாக்கூட எண்ணித்தான் தும்முவா" என்ற பூவாத்தாளுக்கு அப்போதுதான் மந்தியின் கேள்வி உறைத்தது: கொசுறை எவ வித்தா?

மறுநாள் கடையில் பலகை தொங்கியது: 'இங்கு தண்ணீர் மட்டுமே விற்கப்படும்.' ஒரு சிரட்டைத் துண்டில் நாக்கு நனையும் அளவு தண்ணீர். விலை, சர்பத்தின் பழைய விலை. வாங்கியவர்களுக்குக் கொசுறாக ஒரு குவளை சர்பத். குரங்குகள் திரும்பின. ஈக்களும் திரும்பின. முயலும் வந்தது, பாவம்.

வரி அதிகாரி ஓநாய் சோதனைக்கு வந்தது.

"என்ன விக்கிற?"

"தண்ணிங்க."

"பக்கத்துப் பானையில செவப்பா இருக்குதே?"

"அது கொசுறுங்க."

ஓநாய் சட்டத்தைப் புரட்டியது. கொசுறு என்ற சொல்லே அதில் இல்லை. புதிதாகச் சேர்க்கலாம்; ஆனால் கொசுறுக்கு வரி போட்டவன் வீட்டுக்கு எவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். சட்டத்தை மூடிவிட்டு, "சரி, ரெண்டு தண்ணி குடு" என்றது.

வருட முடிவில் ஆந்தையார் அறிக்கை வாசித்தார். இனிப்புப் பானம் வாங்குவது அடியோடு நின்றுவிட்டது. தண்ணீர் வாங்குவது பன்மடங்கு பெருகிவிட்டது. ஆறு ஓடும் காட்டில் விலங்குகள் ஏன் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகின்றன என்பது அவருடைய ஆய்வு வரம்புக்குள் வரவில்லை. பக்கத்துக் காட்டு அரசர்கள் சட்டத்தைப் படியெடுத்துச் சென்றனர். சிங்கராஜா வீங்கிய கன்னத்தோடு சிரித்தார்.

பூவாத்தாள் மாமியார் பொந்துக்குத் திரும்பவில்லை. தனி மரம் வாங்கினாள். அரசு அவளை நல்வாழ்வுத் தூதராக அமர்த்தியது. காடு காடாகச் சென்று தண்ணீரின் மேன்மையைப் பற்றிப் பேசினாள். கடையில் ஒவ்வொரு சர்பத் பானையையும் ருசி பார்த்த பிறகே ஊற்றிவந்ததால், சில வருடங்களில் பல் அத்தனையும் கொட்டிப்போய், அவள் பேசியது எவருக்கும் புரியவில்லை. சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது.

நீதி: பல் வாயில் இருப்பது; ஆரோக்கியம் அறிக்கையில் இருப்பது. முதலில் எது விழுகிறதோ, அதை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொள்.