ஏற்றுமதி நண்டு

“இண்டையோட கூட்டு முடிஞ்சுது!” என்று இரத்தினவேல் பின்வளவில் நின்று அறிவித்தார். கையில் அளவுநாடா. பக்கத்தில் வேலி அடிக்க வந்த பஸ்ரியன், வாய் நிறைய ஆணியோடு தலையாட்டினான்.

கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒட்டினபடி இரண்டு வீடு. ஒன்றில் இரத்தினவேலும் மனைவி கமலாம்பிகையும். மற்றதில் இக்னேசியஸும் மனைவி புனிதவதியும். இத்தனை நாளும் நடுவில் வேலி கிடையாது. பெண்கள் இருவருக்கும் வேலை மாறிமாறி வந்ததால் ஒருநாள் இந்த வீட்டுச் சமையல், மறுநாள் அந்த வீட்டுச் சமையல். சட்டிகள் வரி கட்டாமல் போய்வந்தன. இரவல் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கமும் இரண்டு வீட்டுக்கும் இல்லை.

குழப்பத்தைத் தொடக்கிவைத்தது தொலைக்காட்சி. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுத் தேர்தல் நேரம். அமெரிக்காவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் இருப்பதா, விலகுவதா என்று கோட்டுப் போட்டவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்ட சூட்டோடு இரத்தினவேல் குசினிக்குள் போய்ச் சட்டிகளை ஆராய்ந்தார். சில்வர்ச் சட்டியில் பேர் வெட்டி வைப்பது நம்மவர் வழக்கம்தானே. ‘கமலாம்பிகை’ என்று வெட்டின சட்டிக்குள் நண்டுக்கறி. ‘புனிதவதி’ என்று வெட்டின சட்டிக்குள் பூசணிக்காய். போன கிழமையும் இதே கதைதான்.

“எங்கட நண்டு அங்க போகுது, அவையின்ர பூசணிக்காய் இங்க வருது. நட்டம் ஆருக்கு?”

“பேசாமல் சாப்பிடுங்கோ,” என்றாள் கமலாம்பிகை. நண்டைப் புகழ்ந்தால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள்.

“எல்லை திறந்து கிடந்தால் உப்பிடித்தான். நாங்கள் விலகிறம்!”

விலகினால் எல்லையில் லொறிகள் வரிசை கட்டி நிற்கும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் எச்சரித்தார். இரத்தினவேல் அவரை நிற்பாட்டிவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர் வேலை செய்கிற, பாண் சுடும் பக்டரியின் போர்மன் இராஜரட்ணம் சாப்பாட்டுக்கு வருகிறார். மூன்று வருடமாக இரவு வேலை செய்து கண் குழிவிழுந்துபோன இரத்தினவேலுக்குப் பகல் வேலை கொடுப்பது அந்த மனிதர் கையில். நண்டென்றால் உயிரை விடுகிறவர். “என்ர மனுசியின்ர நண்டுக்கு முன்னால ஒருத்தரும் நிக்கேலாது” என்று இவர் வாக்கும் கொடுத்துவிட்டார்.

வேலி எழுந்தது. கரைச்சலும் எழுந்தது. புல்வெட்டுகிற மெசின் அந்தப் பக்கம் போய்விட்டதால் இவர் வளவில் புல் தன்பாட்டில் வளர்ந்தது. தினமும் இவரை வேலைக்கு ஏற்றிப்போன காரும் இக்னேசியஸினுடையது. ஆகவே மூச்சிரைக்க பஸ்ஸுக்கு ஓடினார். மேப்பிள் மரமோ எல்லையை மதிக்காமல் இலையைக் கொட்டியது. இவர் கூட்டி அள்ளி அந்தப் பக்கம் எறிந்தார். இக்னேசியஸ் இரண்டு மடங்காகத் திருப்பி எறிந்தார்.

“அண்ணை, உது உங்கட இலை!” என்று இக்னேசியஸ் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார்.

“மரம் உம்மட பக்கமெல்லே நிக்குது!”

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நண்டு வாங்கிவந்தார். கமலாம்பிகை சமைத்தாள். முதல் வாயிலேயே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு உப்பு.

“என்னப்பா உது?”

“நண்டு சரியில்லை.”

“நண்டில்லையப்பா, கண்ணூறு! உவன் இக்னேசியஸ் வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிறான்.”

பஸ்ரியன் மறுபடி வந்தான். வேலி இன்னும் இரண்டடி உயர்ந்தது. குசினி இருண்டு, பகலிலும் லைட் போடவேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இராஜரட்ணம் வந்து மேசையில் அமர்ந்தார். இரத்தினவேல் முன்கூட்டியே தண்ணீர்க் கிளாசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கமலாம்பிகை தன் பேர் வெட்டின சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் வீடே மணத்தது. போர்மன் ஒரு காலை உடைத்து உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். இரத்தினவேல் மூச்சே விடவில்லை.

“ஐசே, நாளைக்குத் தொடக்கம் உமக்குப் பகல் வேலை.”

அட, எழும்பி நின்று ஆடலாம் போலிருந்தது அவருக்கு!

“பாத்தியளே அண்ணை, வேலியின்ர மகிமையை! எல்லையை மூடின உடன எங்கட சரக்கு எங்கட வீட்டிலயே நிக்குது!”

கமலாம்பிகை சோறு எடுக்கிற சாட்டில் குசினிக்குள் மறைந்தாள்.

மிச்ச வேலை முடிக்க வந்திருந்த பஸ்ரியன், சுத்தியலும் கையுமாகப் பின்கதவால் தலையை நீட்டினான்.

“அண்ணை, எல்லாம் முடிஞ்சுது, புனிதவதியக்கான்ர நண்டுச் சட்டி வந்துபோகவேணும் எண்டு கமலாக்கா ஆணி அடிக்க விடாத அந்த மூண்டு பலகையையும் இப்ப அடிக்கட்டே, விடட்டே?”