முட்டை வரவேற்புக் குழு

உலகில் இதுவரை தோன்றிய குழுக்களிலேயே தன்னலமற்றது, மாரண்டஹள்ளியில் எங்கள் குடும்பம் அமைத்த 'முட்டை வரவேற்புக் குழு'தான். அதன் தலைவர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் தம்பி மகன் வீரமணிக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள். பிள்ளையில்லை. அவன் மனைவி காவியாவுக்குத் தருமபுரி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அது உத்தரவிட்டால் சினைப்பையில் முட்டை முதிர்கிறது. ஈஸ்ட்ரோஜன் பெருகி, 'தயார்' என்று மேலே தகவல் போகிறது. உடனே எல்.எச். என்னும் ஹார்மோன் பொங்கி எழ, ஓரிரு நாளில் முட்டை வெளியே வருகிறது. பின்னாலேயே புரொஜெஸ்ட்ரோன் வந்து கருப்பையில் மெத்தை விரிக்கிறது.

ஆண்டவன் நடத்தும் இந்த அலுவலகத்தில் லஞ்சமில்லை, மனு இல்லை, 'நாளைக்கு வாங்க' இல்லை. ஒரே குறை, உறவினர்களுக்கு அழைப்பு அனுப்புவதில்லை. அந்தக் குறையை நாங்கள் தீர்த்தோம்.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டையில் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தால் எல்.எச். வந்துவிட்டதென்று பொருள். விழுந்த உடனே காவியாவின் மாமியார் ராணியம்மாள் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள்: "கோடு விழுந்தாச்சு. எல்லாரும் வந்து வாழ்த்தணும்." மதியத்துக்குள் மாதுளையும் ஹார்லிக்ஸுமாக உறவினர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார்கள். இரண்டு நாள் தங்கிக் கூட்டுப் பிரார்த்தனை. வீடோ ஒரு கூடமும் ஓர் அறையும்தான்.

மாதாமாதம் இப்படி உழைத்தும் பலனில்லை. அவசரக் கூட்டத்தில் ராணியம்மாள் எழுந்தாள்.

"நம்ம பக்கம் என்னங்க மாமா கொறை? அவ ஹார்மோன்தான் சரியில்ல. பாப்பிரெட்டிப்பட்டிக்கு, அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிடலாம்."

தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. காவியா அப்போது உறுப்பினர்களுக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

எதையும் முறைப்படி செய்பவர்கள் நாங்கள். வீரமணியையும் காவியாவையும் கூட்டிக்கொண்டு குழுவாக டாக்டரம்மாவிடம் போனோம்.

"ஹார்மோன் கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம், பாப்பிரெட்டிப்பட்டிக்கு அனுப்பிடறோம்" என்றாள் ராணியம்மாள்.

டாக்டரம்மா பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். "ரெண்டு பேருக்குமே எல்லாம் நல்லா இருக்குது. முட்டையும் வந்திருக்குது. ஏப்பா வீரமணி, கோடு விழுந்த அன்னிக்கு நீ எங்க படுத்த?"

"மொட்டை மாடிலீங்க மேடம். ஆம்பளைங்க எல்லாம் அங்கதான்."

"நீம்மா?"

"கூடத்துலீங்க. அத்தைங்க, சித்திங்களோட."

"அப்ப ரூம்ல யாரு?"

காவியா தலையைக் குனிந்துகொண்டாள். "பெரிய மாமாங்க. எங்களுக்குக் கொழந்த பொறக்கணும்னு எங்க கட்டில்லயே உக்காந்து விடிய விடிய வேண்டிக்கிட்டாருங்க."

என் பக்தி தருமபுரி வரை பேசப்படுவதில் எனக்குச் சற்றுக் கூச்சம்தான். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

"உங்க பேருங்க, பெரியவரே?"

"பச்சியப்பனுங்க. குழுவுக்குத் தலைவரு."

"யாரையாவது வூட்ட விட்டு அனுப்பியே ஆகணும்னு நானும் ஒத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுதி, சீட்டை ராணியம்மாளிடம் நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்:

"கோடு விழுந்ததும் இவரைக் குழுவோடு தீர்த்தமலைக் கோயிலுக்கு அனுப்பவும். இரண்டு நாள் அங்கேயே வேண்டிக்கொள்ளட்டும்."

மேலே, நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், என் பெயர் இருந்தது.