ஏழு நாள் காயும் தொட்டி

ஆண்பிள்ளை என்று பிறந்தவன் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனைவியிடம் "முடியாது" என்று சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆனி மாதம், அதைச் சொல்வதென்று தீர்மானித்தேன். நேராகச் சொல்லத் துணிவில்லை. என் டெம்போவைச் சொல்ல வைத்தேன்.

வியாழக்கிழமை காலை என் மனைவி லோகநாயகி தோசையைத் திருப்பிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கெழம வண்டிய எங்கியும் எடுக்காத. அம்மா மேனாம்பேட்டு ஊட்ட காலி பண்ணுது. சாமான் ஏத்தணும்."

எங்கே இறக்குவது என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்? அம்பத்தூரில் எங்களுக்கு ஒன்றரை அறை. அந்த அரை அறையில் என் நாற்காலி. உலகத்தில் எனக்கென்று இருந்த இடம் அவ்வளவுதான். மாமியார் கெங்கம்மாளுக்கோ ஓர் இரும்புக் கட்டில், ஓர் ஆட்டுக்கல், ஓயாத கேள்விகள். போன பொங்கலுக்கு இரண்டே நாள் தங்கினார். நான் இருமினால்கூட எதற்கு என்று கேட்டார்.

கண் காலண்டரில் நின்றது. ஞாயிறு, ஆனி கடைசி. திங்கள், ஆடி பிறப்பு. ஆடியில் எங்கள் பக்கம் ஒரு துடைப்பத்தைக்கூட வீடு மாற்ற மாட்டார்கள். அந்த ஒரு ஞாயிற்றைத் தாண்டிவிட்டால் ஒரு மாதம் பிழைத்தேன்.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் சுலைமான் பாய் இருந்தார். கெமிக்கல் டேங்குகளின் உள்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு கறுப்புக் கோட்டிங்கைப் பீய்ச்சி அடிப்பவர். இரும்பு வார்ப்படம் ஏற்றி ஏற்றிச் சொறி பிடித்துப்போன என் டெம்போவின் பின்தொட்டியைச் சனிக்கிழமை விடிந்ததும் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"துருவ மொத்தமா சொரண்டணும் அண்ணாத்தே. உப்புத்தாள் போட்டுத் தேச்சி, தின்னர்ல தொடைக்கணும். துளி டீசல் இருந்தாலும் பட்டையா உரிஞ்சிகினு வந்துடும்."

"காய எத்தினி நாளு ஆவும் பாய்?"

"இன்னா நாளு? இன்னிக்கி ரெண்டு கோட்டு. நாளைக்கி லோடு."

"ஏழு நாளுன்னு சொல்ல முடியாதா?"

கோட்டிங் அடிக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்ல இன்னா பிரச்சன?"

உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். சாயங்காலம் தொட்டி யானைத் தோல் போலக் கறுத்துச் சொரசொரத்துக் கிடந்தது. அதைப் பார்த்தபோது, இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் இவ்வளவு உறுதியாக நின்றதில்லை என்று தோன்றியது.

வாசலில் லோகநாயகி இடுப்பில் குடத்தோடு நின்றாள்.

"இன்னாய்யா, வண்டிக்கு எதுனா பூசிகினு வந்துகீற?"

"கோட்டிங். ஏழு நாளு காயணும். ஒரு சாமான் ஏத்தக்கூடாது. அதுவும் ஆட்டுக்கல்லு பட்டுச்சின்னா கீறிடும்."

"ஏழு நாளா?"

"ஏழு."

"சரி."

சரி! அவ்வளவுதான். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிறு காலை பத்து மணி. தெருமுனையில் படபடவென்று ஒரு சத்தம். மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்தது. அதன் மேல் கட்டில். கட்டிலின் மேல் ஆட்டுக்கல். ஆட்டுக்கல்லின் மேல் மாமியார்.

"லோகா! இன்னாது இது?" என்று கத்தினேன்.

"இன்னாவா? அம்மா எங்கண்ணன் வீராசாமி ஊட்டுக்குத்தான் போறதா இருந்திச்சி, வெள்ளானூருக்கு. உன் வண்டிதான் ஏழு நாளு காயுதே! மீன்பாடி வண்டி அம்மாந்தூரம் வராதுன்ட்டான். ஊட்டுக்காரங்கிட்ட இன்னிக்கே சாவி குடுத்தாவணும். அதான் நம்ம ஊட்டாண்ட எறக்க சொல்ட்டேன்."

வெள்ளானூர்! என் காதில் தேனும் நெருப்பும் ஒன்றாகப் பாய்ந்தன. சுத்தியலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் ஏறினேன். ஓங்கி ஓங்கி அடித்தேன். கை வலித்ததே தவிர, கோட்டிங்கில் ஒரு கீறல் இல்லை.

"பாரு லோகா! கல்லு மாதிரி கீது! இப்பவே ஏத்து, அர மணி நேரத்துல வெள்ளானூர்ல வுட்டுடறேன்!"

மாமியார் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னா மாப்ள, ஏழு நாளு காயணும்னியாமே? எதுக்குச் சொன்ன?"

முதல் கேள்வி.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து பால் பொங்கும் வாசனை வந்தது. லோகநாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீ இடிச்சிகினு இருந்த நேரத்துல பால் காச்சிட்டேன்யா. பால் காச்சின ஊட்ட அன்னிக்கே வுட்டுப் போவக்கூடாது. நாளைக்கி ஆடி."

"அப்போ ஆவணி பொறந்ததும்..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் என் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் வைத்தாள். அது இருந்த இடத்தில் கட்டில் போனது.

"சுலைமான் பாய் ஊட்டம்மா நேத்தே குழாயாண்ட சொல்லிச்சி. காயறது ஒரே நாளாம், தாங்கறது பத்து வருசமாம். ஆட்டுக்கல்லு பட்டா கீறிடும்னு நீதான பயந்த? பாவம், அந்தக் கோட்டிங்கு உரியட்டும்யா, அப்பால அம்மாவ ஏத்திகினு போ."