என் ரத்தத்தில் ஈயம்

பதுளை,
12.03.1979

அன்புள்ள மச்சான் தாஸிம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் என் தங்கை ஜெனீராவும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாயிருக்க துஆச் செய்தபடி, பதுளையில் புடவைக் கடை நடத்தும் உங்கள் மச்சான் ஜுனைதீன் எழுதுவது. என் சுகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

போன மாதம் வயிற்றுவலி என்று வந்து உங்கள் வீட்டில் நின்றேன் அல்லவா? அங்கே டாக்டரின் ஊசியைக் கண்டு நான் நடுங்கியபோது, "இதென்ன மச்சான், எறும்பு கடிச்ச மாதிரித்தான்" என்று நீங்களும் கையை நீட்டி உங்கள் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னீர்கள். அந்தச் சோதனையின் முடிவை டாக்டர் எழுதியிருக்கிறார். உங்கள் ரத்தம் சுத்தம். என் ரத்தத்தில்தான் அளவுக்கு மிஞ்சிய ஈயம். அது எலும்பிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுமாம். பட்டணத்துப் புகையில் வாழ்பவர்களுக்கு வருவது மலைக்காற்றில் இருக்கும் எனக்கு எப்படி வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாம். உங்கள் மதிலுக்கு அப்பால் பழைய பேட்டரி உருக்கும் பட்டறைப் புகையில் நான் ஒரு வாரம் இருமியதை நினைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் அதற்குள் இருக்கும் நீங்கள் சுத்தம், நான் அசுத்தம். அல்லாஹ் மன்னிக்கட்டும், பொறாமையாக இருந்தது.

கடிதத்தை வாசித்ததும் என் மனைவி றஷீனா வீட்டிலுள்ள ஈயத்தைத் தேடத் தொடங்கினா. ஈயம் பூசிய பித்தளைச் சட்டியெல்லாம் முற்றத்துக்குப் போயின. "இதுல ஆக்கித் தின்னா மௌத்தாகிப் போவீங்க" என்றா. இருபத்தைந்து வருடமாக அதில் ஆக்கிப் போட்டது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு கண்ணுக்கு மையிடும் என் சுருமாப் புட்டி போனது, அதிலும் ஈயமாம். கண்ணில் சுருமா இல்லாமல் ஜும்ஆவுக்குப் போனேன், "ஏன் நானா, அழுதீங்களா?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அடுத்தது தண்ணீர்க் குழாய். பழைய குழாயில் ஈயம் இருக்கும் என்று ஆள் பிடித்து அதை வெட்டுவித்தா, தண்ணீர் கீழே கடைக்குள் பாய்ந்து சிவப்புத் துணிகளின் சாயம் கரைந்து வெள்ளைச் சாரன் நாற்பதும் ரோஜா நிறமாகிவிட்டன.

நனைந்த துணியை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து தனலெட்சுமி சேலை வாங்க வந்தா. அவவிடம் என் கதையைச் சொன்னேன்.

"ஒடம்புக்குள்ள ஈயமாங்க முதலாளி? எங்க லயத்து வூட்டுல வாளி ஓட்டையாக் கெடக்கு, அடைக்கக் கொஞ்சம் குடுங்களேன்" என்று சிரித்தா. சேலையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னா: "ஒங்களுக்காவது ரத்தத்தப் பார்க்க டாக்டர் இருக்காருங்க. எங்க வூட்டுக்காரரு பதினெட்டு வருசமா புல்லு சாக மருந்து அடிக்கிறாரு. அவரு ரத்தத்த அட்டப் பூச்சி மட்டுந்தான் பாத்திருக்கு."

மச்சான், நாம் ஒரு சட்டியை வெளியே எறியலாம், ஒரு குழாயை வெட்டலாம். மூச்சை எங்கே கொண்டுபோய் எறிவது? நமக்குத் தெரியாமலே ஒன்று உள்ளே வந்து குடியிருக்கிறது, நாம் சாப்பிட்டு, சிரித்து, கல்யாணம் பேசிக்கொண்டு திரிகிறோம். இரண்டு நாளாக இதுவே யோசனை. எனக்கு ஏதாவது நடந்தால் றஷீனாவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சுத்த ரத்தக்காரர், நீண்ட காலம் இருப்பீர்கள்.

ஜெனீராவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். இறைவன் உங்கள் வீட்டில் பரக்கத்தைப் பொழியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஈய மச்சான்,
ஜுனைதீன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டாக்டரின் இரண்டாவது கடிதம் வந்தது. சோதனைச்சாலையில் இரண்டு போத்தல்களின் பெயர்ச்சீட்டுகளும் மாறிவிட்டனவாம். எனக்கு வெறும் வாய்வு. ஆகவே மேலே 'எனக்கு' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'உங்களுக்கு' என்று வாசித்துக்கொள்ளுங்கள். பொறாமைப்பட்டேன் என்ற வரியை மட்டும் வாசிக்க வேண்டாம்.

நேரத்தோடு தெரிந்ததால் வைத்தியம் இருக்கிறதாம். ஆனால் முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டும், பிள்ளைகளின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் எல்லாருக்குமாக மாடி அறையை றஷீனா ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறா. இதை நான் தபாலில் போடவில்லை. நாளைக் காலை ரயிலில் நானே கொண்டு வருகிறேன். வாயால் சொல்ல என்னால் ஆகாது. நீங்கள் வாசித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.