ஜலதோஷம் என்றுதான் சொன்னேன்

நடந்ததைச் சொல்லும் முன் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லும் கதையில் அது எப்போதும் விடுபட்டுப் போகிறது. தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பாசன விவசாயிகள் சங்கத்துக்கும் நானே தலைவர். ஜப்பானிய நெல் விவசாயிகளின் வீட்டில் பத்து நாள் தங்கிவர ஒருவரை அனுப்பும்படி கடிதம் வந்தபோது, வேறு பெயர் எதுவும் முன்மொழியப்படவில்லை. (நான் முன்மொழிய விடவில்லை என்பார்கள். பொருட்படுத்த வேண்டாம்.) வழியனுப்புக் கூட்டத்தில், காய்ச்சல் என்பது என் உடம்பு அறியாத சொல் என்று ஒலிபெருக்கியில் முழங்கினேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர்த்திருக்கலாம்.

என்னை ஏற்றுக்கொண்டவர்கள் மலையடிவாரத்தில் வசித்த இட்டோ தம்பதியர். இருவருக்கும் ஏறத்தாழ என் வயது. மலையிலிருந்து இறங்கும் ஊற்றுநீர்தான் அவர்கள் வயலுக்கும் வீட்டுக்கும். வாசலிலேயே ஒரு குவளை நிறையக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை இட்டோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல நீர்தான். காவிரியைப் பற்றி இருபது நிமிடம் பேசிய பிறகு அதையும் ஒப்புக்கொண்டேன்.

எங்களுக்கு மொழிபெயர்த்தவர் முபாரக். அதிராம்பட்டினத்துக்காரர், ஆறு வயதில் தந்தையோடு ஜப்பான் போய், நாற்பதைத் தாண்டியும் அங்கேயே இருப்பவர். அந்த வீட்டுக் குளியல் முறையை அவர் முதல் நாளே விளக்கினார். விருந்தாளிதான் முதலில் குளிக்க வேண்டும். உடம்பைத் தொட்டிக்கு வெளியே தேய்த்துக் கழுவிவிட்டு, அதன்பிறகே வெந்நீர்த் தொட்டியில் உட்கார வேண்டும். அதே நீரில்தான் வீட்டாரும் பிறகு இறங்குவார்கள். இதில் முதல் பகுதியை நான் மிகக் கவனமாகக் கேட்டேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். கடல் தாண்டினால் கிழமை மாறிவிடுமா? பெட்டியில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் இருந்தன. சாயங்காலம், உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்து, அரை மணி ஊறி, அப்படியே தொட்டியில் இறங்கினேன். சீயக்காயையும் அங்கேயே கரைத்தேன். நான் எழுந்தபோது நீர் ஆடி மாதப் புதுவெள்ளத்தின் நிறத்தில் இருந்தது. மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

எனக்குப் பின் இட்டோ இறங்கினார். மறுத்தால் விருந்தாளிக்கு அவமதிப்பு என்று நினைத்திருக்கிறார். காது மடல்கள் பளபளக்க வெளியே வந்து எனக்குத் தலை வணங்கினார். அவர் மனைவியும் அவ்வாறே. அன்று அந்தக் குடும்பமே மின்னியது. தேநீர்க் குவளை இட்டோவின் கையிலிருந்து இருமுறை வழுக்கியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஈரத் தலையோடு அவர்கள் வாய்க்காலைப் பார்க்கப் புறப்பட்டேன். குளிர்காற்று வீசியது. இட்டோவின் மனைவி கம்பளித் தொப்பியை நீட்டினார். மார்கழியில் கழுத்தளவு நீரில் நின்றவன் நான் என்று சைகையால் உணர்த்தி மறுத்தேன்.

மறுநாள் காலை உடம்பு அனலாய்க் கொதித்தது. பற்கள் தந்தி அடித்தன. முபாரக் வந்து என்னவென்று கேட்டார். காய்ச்சல் என்ற சொல் ஒலிபெருக்கியோடு சேர்ந்து நினைவுக்கு வந்தது. ஆகவே கௌரவமான சொல்லாகத் தேடி, வெறும் ஜலதோஷம் என்றேன்.

முபாரக் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. ஆனாலும் அறிவாளி, பிரித்துப் பொருள் கண்டார். ஜலம், தோஷம். நீரில் குற்றம் இருப்பதால் இவருக்கு உடம்பு கெட்டது என்று இட்டோவிடம் சொல்லிவிட்டார்.

இட்டோ நேரே குளியலறைக்குப் போனார். தொட்டியை வடித்துத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் மனைவி கஞ்சியும் உப்பில் ஊறிய ஒரு புளிப்புக் காயும் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. (மூன்று கிண்ணம் குடித்தேன். அரிசியின் தரத்தை அறிவதற்காக.) ஜன்னல் வழியே பார்த்தால், இட்டோ நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் ஊற்றுநீரோடு வண்டியில் ஏறுகிறார்.

"எங்க போறார்?" என்றேன்.

"தண்ணிய பரிசோதனைக்குக் கொண்டுபோறார் சார். நாலு தலைமுறையா அதைத்தான் குடிக்கிறாங்க. சாயங்காலம் ஊர் விவசாயிகள் முன்னாடி நீங்க பேச இருந்த கூட்டமும் வேணாம்னுட்டார். ஊர் முன்னாடி எந்த முகத்தோட நிக்கிறதுன்னு கேக்குறார்."

"தண்ணி கெட்டதுன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

"ஜலத்துல தோஷம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? சளின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் கடைமடைக்காரன். மேட்டூரில் திறக்கும் நீர் எங்கள் வாய்க்கால்வரை வந்து சேர்ந்தால் அன்றுதான் எங்களுக்குத் திருநாள். இன்னொரு விவசாயியின் நீர்மீது பழி விழ நான் காரணமாவதா? போர்வையோடு எழுந்து ஓடினேன். (ஓடினேன் என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு.) வண்டிக்கு முன்னால் நின்று, முபாரக்கை ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்க்கச் சொன்னேன்.

"தண்ணியில ஒரு குத்தமும் இல்ல. எண்ணெய் என்னுது. சீயக்காயும் என்னுது. எனக்கு வந்திருக்கிறது காய்ச்சல்."

இட்டோ வண்டியிலிருந்து இறங்கினார். பிறகு பாட்டிலைத் திறந்து நீட்டினார். கடைசிச் சொட்டுவரை அங்கேயே நின்று குடித்தேன். கூட்டம் இரண்டு நாள் கழித்து நடந்தது.

நான் ஊர் திரும்புமுன்பே முபாரக்கின் தொலைபேசி அழைப்பு என் மனைவியை எட்டிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், "ஏங்க, தண்ணி சரியில்லையோ?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்கிறாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இட்டோ ஆண்டுதோறும் எழுதும் கடிதத்தில், மனைவியின் முழங்கால் வலிக்கு ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கேட்கிறார். சனிக்கிழமைகளில்தான் தேய்க்கிறார்களாம்.

நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டதாக முபாரக் சொல்லி வருவது பிழை. கண்ணில் நீர் வந்தது ஜலதோஷத்தால். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் அளித்தேன்.