பொத்தான் இல்லாத ஊர்

சாப்பாட்டு மேஜைமேல் சிசிலித் தீவின் வரைபடத்தை விரித்து, காஸ்பரே கடைசிப் பொத்தானை வைத்து முடித்தபோது தீவே கண்ணுக்குத் தெரியவில்லை.

கறுப்புப் பொத்தான் என்றால் மனைவி வெனெராவின் சொந்தம். வெள்ளை என்றால் அவன் சொந்தம். பலேர்மோ சந்தையில் முப்பது வருஷமாகப் பொத்தான் கடை நடத்துகிறவன் வேறு எதை வைத்து அடையாளம் போடுவான்? செஃபலூவில் கறுப்பு மூன்று. மெசினாவில் இரண்டுக்கு இரண்டு. கதானியாவில் வெள்ளை ஐந்து. அதில் பெரிய கோட்டுப் பொத்தான் அவன் அக்கா அகதா. தெற்குக் கரையில் ஷாக்கா என்ற ஊரில் மட்டும் ஒன்றும் இல்லை.

"ஷாக்காவுல நமக்கு யாருமே இல்லையா?" வெனெராவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒரு சித்தப்பா இருந்தார். கடவுள் புண்ணியத்துல அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறிட்டார்."

கல்யாணமான புதிதில், தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன் என்று வெனெராவுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அது நடந்து இருபத்தைந்து ஆகஸ்ட் ஓடிவிட்டது. இந்த வருஷம் அவள் சண்டை போடவில்லை. நேப்பிள்ஸ் கப்பலுக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கி, முள்கரண்டி இழுப்பறையில் அவன் கண்ணில் படும்படி வைத்திருந்தாள்.

"இந்த ஆகஸ்டும் போகலைன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். நீ உன் பொத்தான்களோட குடும்பம் நடத்து."

ஏழு நாள், ஒரு சின்னக் கார், இரண்டே பேர். எளிதுதான். ஆனால் சொந்தக்காரன் இருக்கிற ஊரில் கை நனைக்காமல் தாண்டிப் போகிறவன் அந்த வீட்டுச் சாவுக்குக்கூட வரக்கூடாது என்பது எங்கள் தீவின் சட்டம். அதனால் யாருக்கும் சொல்லாமல் கிளம்புவது என்று தீர்மானமாயிற்று. காலையில் காஸ்பரே காருக்கு டயர் மாற்றினான். சாயங்காலம் போன் அடித்தது.

செஃபலூவிலிருந்து வெனெராவின் சித்தி நின்ஃபா. குடும்பத்தின் ஒலிபெருக்கி.

"என்ன மாப்பிள்ளை, நாலு டயரும் புதுசாமே! எந்த ஊருக்குப் பயணம்?"

மறைத்துப் பயனில்லை. காஸ்பரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பேரம் என்று வந்துவிட்டால் அவன் நின்று பேசுவதில்லை.

"ரெண்டு ராத்திரி தங்கணும்" என்று ஆரம்பித்தாள் சித்தி.

"அரை மணி நேரம் சித்தி. நின்னபடியே."

"நின்னபடி தின்ன நீ என்ன கழுதையா? சரி, ஒரு ராத்திரி. கத்திரிக்காய் பாஸ்தா பண்றேன்."

"ஒரு காப்பி."

"மதியச் சாப்பாடு. வெறும் நாலு பதார்த்தம். மீன்கூடக் கிடையாது, எனக்குக் கட்டுபடியே ஆகாது."

"காப்பி, ஒரு கன்னோலி இனிப்பு. இதுக்கு மேல ஒரு நூல்கூட ஏற மாட்டேன்."

மறுமுனையில் மௌனம். சந்தையில் அந்த மௌனத்துக்குச் சரக்குக் கைமாறிவிட்டது என்று பொருள்.

"ரெண்டு கன்னோலி" என்றாள் சித்தி. "உன் வாய்க்கு வரி போடணும் மாப்பிள்ளை."

உடைந்த பொத்தான் ஒரு பெட்டியைத் தையல்காரன் தலையில் கட்டிய களிப்போடு காஸ்பரே போனை வைத்தான். "ரெண்டு ராத்திரியை ரெண்டு கன்னோலிக்கு முடிச்சுட்டேன் பார்!"

ஒருத்தருக்குக் கொடுத்த விலை தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பத்தே நிமிஷத்தில் அகதா.

"பொண்டாட்டியோட சித்திக்கு ரெண்டு கன்னோலியாம். கூடப் பொறந்தவளுக்கு என்னடா?"

"உனக்கு இல்லாததா? மதியச் சாப்பாடு அக்கா."

அகதாவுக்கு மதியச் சாப்பாடு என்றதும் சித்தி பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டாள். அவளுக்கும் மதியச் சாப்பாடு என்றதும் மெசினாக்காரர்கள் ராத்திரிச் சாப்பாடு கேட்டார்கள். ரகூசா மச்சான், போன வருஷம் கறுப்புப் பக்கத்து வீடுகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்ததை நினைவு வைத்திருந்தான். மூன்று நாளில் கணக்கு இப்படி நின்றது: ஏழு நாளில் பத்தொன்பது விருந்து. வீட்டுக்கு ஒன்றாகக் கையில் கொண்டுபோக, ஆகஸ்ட் வெயிலில், பதினான்கு இனிப்புத் தட்டு.

வெனெரா பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள்.

"இதுல கடல் எங்க இருக்கு காஸ்பரே?"

"அது... போற வழியில கார் ஜன்னல்ல தெரியும்."

முள்கரண்டி இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

மறுநாளே காஸ்பரே எல்லோருக்கும் போன் செய்து, கார் கெட்டுவிட்டது, பயணம் ரத்து என்று அறிவித்தான். அகதாவின் கணவன் துரீ கார் மெக்கானிக் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோயிருந்தது.

"கவலையே படாத மச்சான்" என்றான் துரீ. "இழுவை வண்டியோட நானே வர்றேன். காரோட உங்க ரெண்டு பேரையும் கட்டி இழுத்துட்டு வந்து வீட்ல வெச்சுக்கறேன். ரிப்பேர் ஆக எப்படியும் ஏழு நாள் ஆகும்."

கார் அற்புதமாகத் தானே சரியாகிவிட்டது என்று சொல்லித் தப்ப வேண்டியதாயிற்று. இனி ஒரே வழி. காஸ்பரே சித்திக்குப் போன் செய்தான்.

"வர்றோம் சித்தி. ஆனா டாக்டர் என்னைச் சாப்பிடக்கூடாதுன்னுட்டார்."

"எதைச் சாப்பிடக்கூடாது?"

"எதையும். காய்கறி வேக வெச்ச தண்ணி மட்டும்."

"பாஸ்தா?"

"கூடாது."

"கன்னோலி?"

"கூடாது."

சித்தியின் குரல் இறங்கியது. "காப்பி?"

காஸ்பரே தயங்கினான். காப்பியை விட்டுக்கொடுத்தால் அந்த ஓட்டை வழியாக ஒரு முழு விருந்து உள்ளே வந்துவிடும். "காப்பியும் கூடாது சித்தி."

மறுபடியும் மௌனம். இது சந்தை மௌனம் இல்லை.

"போனை வெனெராகிட்ட கொடு" என்றாள் சித்தி. கொடுத்தான். "தைரியமா இரு மகளே. கறுப்பு உடுப்பு இருக்கா, என்னோடதை அனுப்பவா?"

எங்கள் தீவில் பாஸ்தா வேண்டாம் என்கிறவனுக்குக் காய்ச்சல். காப்பியும் வேண்டாம் என்கிறவனுக்குப் பாதிரியார். மாலைக்குள் மூன்று ஊர்க் கோவில்களில் காஸ்பரே பெயரில் மெழுகுவத்தி எரிந்தது.

"பதினஞ்சாம் தேதி மாதா திருநாளுக்கு என் வீட்ல இருபத்தாறு பேர் சாப்பாடு" என்றாள் சித்தி, அடுத்த போனில். "யாரும் வராதீங்கன்னு சொல்லிட்டேன். உயிர் போற நேரத்துல விருந்தாவது ஒண்ணாவது? நாங்க பலேர்மோவுக்குக் கிளம்பறோம்."

அகதா விம்மினாள். "மாமியார் கூட்டம் மொத்தமும் வர இருந்தது. தம்பி சாகக் கிடக்கறான்னு சொல்லிக் கதவைப் பூட்டிட்டு வர்றேன்." அழுகைக்கு நடுவே அவள் குரலில் ஏதோ தெம்பு இருந்தது. துக்கம் சிலரை அப்படித்தான் பலப்படுத்தும் என்று காஸ்பரே நினைத்துக்கொண்டான்.

ஆகமொத்தம் முப்பத்தேழு பேர். பதிமூன்றாம் தேதி வருகிறார்கள்.

வெனெரா பெட்டியை எடுத்து வைத்தாள். டிக்கெட்டைக் கைப்பையில் போட்டாள். "நல்லா வாழு காஸ்பரே. இல்ல, நல்லா சாவு. எது முதல்ல வருதோ அது."

அவன் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தான். கை சும்மா இருக்கவில்லை. சித்தி இங்கே வருகிறாள். செஃபலூவின் கறுப்புப் பொத்தான்களை எடுத்தான். மெசினாக்காரர்கள் வருகிறார்கள், நான்கை எடுத்தான். ரகூசா மச்சான் வருகிறான். அகதா வருகிறாள், கோட்டுப் பொத்தானோடு கதானியாவின் ஐந்தையும் எடுத்தான்.

பொத்தான்களுக்கு அடியிலிருந்து சிசிலி வெளியே வந்தது. முழுசாக. சுற்றிலும் நீலக் கடலோடு.

"வெனெரா!" காஸ்பரே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "தீவு காலி!"

பன்னிரண்டாம் தேதி விடியும்போதே கிளம்பினார்கள். நோயாளியை ரோமாபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்ல, கட்டடத்து வாசலைக் காக்கிற அம்மா மூன்று டஜன் முத்துப் பொத்தான் கேட்டாள். ஒன்றரை டஜனில் படிந்தது.

மெசினா வரை பயந்து பயந்து ஓட்டியவன், மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பியிருக்க வேண்டிய நேரம் கடந்ததும் காரைத் திருப்பினான். நேரே செஃபலூ. நின்ஃபா சித்தியின் பால்கனிக்குக் கீழேயே வெனெரா கடலில் இறங்கினாள். மேலே எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கையசைத்து, இருபத்தைந்து வருஷச் சிரிப்பையும் ஒரேயடியாகச் சிரித்தாள். கதானியாவில் அகதா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய பொரித்த சோற்று உருண்டையைத் தின்றார்கள். கதவு பூட்டித்தான் இருக்கிறதா என்று காஸ்பரே இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். சிரகூசாவில் பதினொரு மணிவரை தூங்கினார்கள். தட்டோடு யாரும் வந்து எழுப்பவில்லை. ரகூசாவில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு தக்காளி. அதற்காக யாரும் அழவில்லை!

"பாவம், முப்பத்தேழு பேர்" என்றான் காஸ்பரே ஒருமுறை. "அந்த வெயில்ல நம்ம வாசல்ல நிப்பாங்க."

"பாவம்தான்" என்றாள் வெனெரா. "இன்னொரு ஐஸ் வாங்கு."

நேப்பிள்ஸ் டிக்கெட்டை அவள் நான்காய் மடித்து ஆடும் மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

கடைசி நாள் ஷாக்கா. பொத்தான் இல்லாத ஊர். துறைமுகத்தைப் பார்த்த சின்ன ஹோட்டலில் வழுக்கைத் தலை மேலாளர் கண்ணுக்குக் கீழே பை தொங்க உட்கார்ந்திருந்தார்.

"ரூம் கிடைக்குமா?"

"காலைல கேட்டிருந்தா இல்லைன்னிருப்பேன். இப்பத்தான் கும்பல் காலி பண்ணிட்டுப் போச்சு. முப்பத்தேழு பேர்."

பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்த காஸ்பரேயின் பேனா 'கா'வோடு நின்றது. வெனெரா மெல்லப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"ஒரே குடும்பமா?" என்றான்.

"வந்தப்ப தனித்தனி. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சாங்க. மறுநாள் எல்லாரும் ஒரே மேஜை, ஒரே பாட்டு. என் காது இன்னும் அடங்கல."

"எதுக்கு ஒளியணும்?"

மேலாளர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பலேர்மோவுல யாரோ காஸ்பரே சாகக் கிடக்கறார்னு சொல்லி வீட்டு விருந்தாளிங்ககிட்ட இருந்து தப்பிச்சு வந்தவங்க ஐயா, புண்ணியவான் நல்லா இருக்கணும், அடுத்த ஆகஸ்டுலயும் அவர் சாகக் கிடப்பார்னு இப்பவே ரூம் போட்டுட்டாங்க!"