கூப்பிட்டால்தான் ஏறுவேன்

அடிக்கடி விமானத்தில் போகிறவர்கள் விமான நிலையங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தப் பொறுப்பை என்னைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் ஓடுபாதை கிடையாது. மேகமலைக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் போனால் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனாலும் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில், உலகத்தின் பெரிய விமான நிலையங்களில் எது சுலபம், எது சிரமம் என்று தரம் பிரித்துக் கொடுக்க ஒரு நிபுணன் இருந்தான். எம்.பி.ஏ. முடித்தவன், ஆங்கிலம் பேசுபவன், ஓர் இடத்தில் உட்காராதவன். அடியேன்தான்.

சிங்கப்பூரா? குழந்தையைத் தனியாக அனுப்பலாம். துபாயா? நல்ல செருப்பு போட்டுக்கொண்டால் போதும். பாரிஸா? அங்கேயே பிறந்தவனுக்கே வழி தெரியாது. டெல்லி, மூளை உள்ளவர்களுக்கு மட்டும். பெங்களூரு, கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். இத்தனையும் யூடியூபில் பார்த்துச் சேர்த்த ஞானம். (உன்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று டீக்கடையில் ஒருவரும் கேட்டதில்லை. நல்ல மனிதர்கள்.)

சொந்த அனுபவம் என்று பார்த்தால், ஒரு இன்டர்வியூவுக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரே ஒரு தடவை பறந்திருக்கிறேன். அன்று பஃப்ஸ் தின்றுகொண்டு நேரம் போனது தெரியாமல் நின்றபோது மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தால்தான் மைக்கில் பெயர் வரும். இங்கே ஒரு பைசா கொடுக்காமல் வந்துவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து போய் ஏறினேன். அன்றைக்கு ஒரு கொள்கை உருவானது. முண்டியடித்து வரிசையில் நிற்பவன் முதல்முறை வருகிறவன். விஷயம் தெரிந்தவன் உட்கார்ந்திருப்பான், அவனைக் கூப்பிடுவார்கள்.

இந்தக் கொள்கையோடு நான் பாட்டுக்கு டீக்கடையிலேயே இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது.

அக்கா டெல்லியில் இருக்கிறாள். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் அங்கேயே ஒரு முருகன் கோயிலில் காதுகுத்தை வைத்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமன் தலையில் உருமாத் துண்டு கட்ட வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆக, அந்த மடி என் மடி. அப்பாவும் அம்மாவும் முன்னதாகவே ரயிலில் போய்விட்டார்கள். தேவாரத்தில் இருக்கும் அக்காவின் மாமியாருக்கு முழங்கால் வலி, ரயில் படி ஏற முடியாது. அந்த அத்தையை விமானத்தில் அழைத்து வரும் பொறுப்பு நிபுணனிடம் வந்தது.

"ஏலே, அவுக சம்பந்தியம்மா. பாத்துக் கூட்டிட்டு வா" என்றாள் அம்மா, ரயில் ஏறும்போது.

"பெங்களூர்ல மாறணும், அம்புட்டுத்தான். அது கண்ணக் கட்டி விட்டாலும்…"

"கண்ணத் தொறந்துக்கிட்டே வா."

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூப்பிடாமல் எங்கேயும் போக மாட்டார். அக்கா கல்யாணத்தன்று மண்டப வாசல் வரை வந்துவிட்டு, என் அம்மா போய் முறைப்படி கூப்பிடும்வரை வேனை விட்டு இறங்கவில்லை. அம்மா முதல் தடவை கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. இரண்டாவது தடவையும் விழவில்லை. (காது நன்றாகத்தான் கேட்கும்.) எனக்கு ஒரு கொள்கை, அவருக்கு ஒரு கொள்கை. இரண்டும் பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெங்களூரு வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்தபோது நேரம் நிறைய இருந்தது. டெல்லி விமானத்துக்கான கேட்டைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் எதிரே, சார்ஜர் குத்த வசதியான இடமாகப் பார்த்து அத்தையை உட்கார வைத்தேன். போனை மதுரையிலேயே ஏரோபிளேன் மோடில் போட்டிருந்தேன். டெல்லி இறங்கும்வரை எடுக்கப் போவதில்லை. விமானப் பயணம் என்றால் ஏரோபிளேன் மோடு, சட்டம் தெரிந்தவன் நடுவில் மாற்ற மாட்டான்.

பிறகு அத்தைக்கு வகுப்பெடுத்தேன். பாரிஸ் விமான நிலையத்தில் ஜனங்கள் எப்படியெல்லாம் விமானத்தைத் தவற விடுகிறார்கள் என்பது பாடம். அத்தை காதில் வாங்கிக்கொண்டே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

"தம்பி, எல்லாரும் போறாகளே. நாமளும் போவமா?"

"அவுக வேற பிளைட்டு அத்தை."

"அந்தப் பச்சச் சேல டெல்லிக்குத்தான் போறேன்னு சொல்லுச்சு."

"அப்ப டீ குடிக்கப் போயிருக்கும். வருசைல போயி நிக்கிறதெல்லாம் புதுசா வர்றவுக செய்யிற வேல அத்தை. நம்மளப் பேரு சொல்லிக் கூப்பிடுவாக."

அத்தை முகம் மலர்ந்தது. விமான நிலையம் என்ற ஏற்பாட்டின் மீது அவருக்கு அப்போதுதான் மரியாதை வந்தது. "பேரு சொல்லியா? மொறையாத்தான் வச்சிருக்காக. கூப்பிடாம போயி நிக்க நம்ம என்ன பந்திக்கு அலையிற ஆளா? இருங்க தம்பி, கூப்பிடட்டும்."

அப்படியாக, பெங்களூரு விமான நிலையத்தின் நட்டநடுவில், சம்பந்தி வீட்டார் இருவர் கௌரவமாக உட்கார்ந்திருந்தோம். நான் பாரிஸை முடித்து லண்டனுக்குப் போயிருந்தேன்.

லண்டன் பாதியில் இருக்கும்போது அத்தை என் முழங்கையைத் தொட்டார். "இப்ப வேற ஆளுக வந்து உக்காருறாக தம்பி."

நிமிர்ந்து பார்த்தேன். கேட்டுக்கு மேலே இருந்த திரையில் புனே என்று ஓடிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் போய், நான் கற்ற ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, டெல்லி எங்கே என்று கேட்டேன். கேட் மாறிவிட்டது, கதவும் சாத்தியாகிவிட்டது என்றார்.

"எங்களைக் கூப்பிடவே இல்லையே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, ஆராய்ச்சி இருந்தது. இங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் மைக்கில் கூப்பிடுகிற வழக்கம் இல்லை சார், சத்தமில்லாத நிலையம், திரையைப் பார்க்க வேண்டும், போனுக்கும் செய்தி வந்திருக்குமே என்றார். ஏரோபிளேன் மோடை எடுத்தேன். கேட் மாற்றம் என்று ஒரு செய்தி, சீக்கிரம் வாருங்கள் என்று ஒரு செய்தி, கடைசி அழைப்பு என்று ஒரு செய்தி, அவற்றுக்கு நடுவே அக்காவின் தவறிய அழைப்புகள் என்று போன் தீபாவளிச் சரம் மாதிரி வெடித்தது. கூப்பிட்டிருக்கிறார்கள். நான்தான் வேனை விட்டு இறங்கவில்லை.

அதோடு போகவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த டெல்லி விமானங்களில், சாயங்கால விமானத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அடுத்தது மறுநாள் காலை. அது போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

ஒரு சீட்டு, இரண்டு பேர். ஒருவர் போகாவிட்டால் மடி இல்லை. இன்னொருவரை விட்டுவிட்டுப் போனால் சம்பந்தமே இல்லை.

"நீங்க போங்க தம்பி" என்றார் அத்தை. "தாய்மாமன் இல்லாம எப்பிடி? நான் இங்கனயே உக்காந்துக்கிறேன். எனக்கென்ன."

அந்த 'எனக்கென்ன' சொன்ன விதத்திலிருந்து, அது அடுத்த ஐம்பது வருஷத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஓடும் என்று தெரிந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏறிட்டியாடா?"

"ஏறுறதுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். மெதுவாகச் சொன்னாள். "அத்தைய அங்கன உக்கார வச்சிட்டு நீ மட்டும் வந்து எறங்குன, அப்பிடியே திரும்பி உத்தமபாளையத்துக்குப் போயிரு. அவுகள ஏத்திவிடு."

"அப்ப மடி?"

"அத நான் பாத்துக்கிறேன்."

டெல்லியில் அத்தை தனியாக எப்படி வெளியே வருவார்? அது மூளை உள்ளவர்களுக்கு மட்டும் என்று தரம் பிரித்தவனே நான்தானே. பயந்துபோய் முழங்கால் வலி என்று சொல்லி சக்கர நாற்காலி கேட்டேன். உடனே கொண்டுவந்தார்கள். அத்தை, பிள்ளைக்கான தங்கத் தோடு, பட்டுப் பாவாடை, உருமாத் துண்டு எல்லாம் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, தேரில் கிளம்பிய அம்மன் மாதிரி போனார். வரிசைகள் எல்லாம் தானாக விலகின. என்னைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தது ஆசீர்வாதமா, வழியனுப்புதலா என்று புரியவில்லை. ராத்திரி போன் செய்து கேட்டேன், டெல்லி விமான நிலையம் ரொம்பச் சிரமப்படுத்திவிட்டதா என்று.

"அதுல என்ன செரமம் தம்பி? உக்காந்தேன், வாசல் வந்துருச்சு."

சீர் போய்விட்டது, தோடு போய்விட்டது, உருமா போய்விட்டது. அதைக் கட்டிக்கொள்ள வேண்டிய தலை மட்டும் பெங்களூரில் இருந்தது.

மறுநாள் காலை, போர்டிங் தொடங்க ஏகப்பட்ட நேரம் இருக்கும்போதே கேட் முன்னால் முதல் ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையே இல்லை. நான் மட்டும் ஒரு வரிசை. அந்த நிலையில் அக்கா வீடியோ காலில் வந்தாள்.

திரையில் முருகன் சந்நிதி தெரிந்தது. அப்பா, அம்மா, மச்சான், நடுவில் அத்தை. பலகையில் சம்மணம் போட்டு, மடியில் என் மருமகளோடு, ஓர் ஆறடி சர்தார்ஜி உட்கார்ந்திருந்தார். அக்காவின் எதிர் வீட்டுக்காரர், குல்தீப். எங்கள் அப்பா யாரோ கடன் கொடுத்த வேட்டியை அவருக்குக் கட்டிவிட்டிருந்தார்.

"அக்கா, அவரு எப்பிடி தாய்மாமன்?"

"வருசா வருசம் ராக்கி கட்டுறேன்ல? அப்பக் கூடப் பொறந்தவருதான. அப்பாவே சரின்னுட்டாக."

சட்டப்படி ஓட்டையே இல்லை. உருமா கட்டும்போது மட்டும் சின்னக் குழப்பம் வந்தது. அப்பா துண்டோடு நெருங்கிப் போய், அங்கே ஏற்கெனவே எங்கள் ஊர் நாட்டாமை யாருமே கட்டியிராத அளவுக்குக் கம்பீரமான தலைப்பாகை இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு துண்டைத் தோளில் போர்த்தினார். ஆசாரி காது குத்தியதும் பிள்ளை வீறிட்டது. கூடவே குல்தீப்பும் அழுதுவிட்டார். அத்தை அதைப் பார்த்துச் சொன்னது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"மாமன்னா இப்பிடி உருகணும்."

நான் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சாம்பார் மிச்சமிருந்தது. குல்தீப் என்னைக் கட்டிப்பிடித்து, சகோதரரே, உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன், கோபமில்லையே என்று இந்தியில் கேட்டார். அவரிடம் கோபப்படுவதற்கு எனக்கு இந்தி தெரியாது, தெம்பும் இல்லை.

அந்த மனிதர் அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தாய்மாமன் கடமைகள் என்னென்ன என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்று விடாமல் செய்கிறார். தீபாவளிக்குப் பாவாடை, பொங்கலுக்கு வளையல், பிறந்தநாளுக்குக் கொலுசு. மருமகள் இப்போது பேசுகிறாள். 'மாமா எங்கே' என்று கேட்டால் எதிர் வீட்டுக் கதவைக் காட்டுகிறாள். என் போட்டோவைக் காட்டிக் கேட்டால் யோசிக்கிறாள்.

போன மாதம் அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து என்று பத்திரிகை அடித்தார்கள். இந்தத் தடவை டெல்லி இல்லை, ஊரில், மச்சான் வீட்டுக் குலசாமி கோயிலில். வீட்டிலிருந்து பைக்கில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். 'தாய்மாமன்' என்ற இடத்தில் குல்தீப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் பெயர் அடியில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' கூட்டத்தில், மூன்றாவது வரியில்.

அப்பாவிடம் போய் நின்றேன். "நான் ஊர்லயேதானப்பா இருக்கேன். அவரு டெல்லில இருந்து வரணுமே."

அப்பா பத்திரிகைக் கட்டுக்கு மஞ்சள் தடவிக்கொண்டே சொன்னார்.

"அவரு டெல்லில இருந்து வந்துருவாரு. நீ உத்தமபாளையத்துல இருந்து வந்துருவியான்னுதான் யோசனையா இருக்கு."